நல்லாம்பட்டியில் காசு நடந்த வருஷம்

நல்லாம்பட்டியில் காசுக்குக் கால் முளைத்த வருஷம், ஊரில் எல்லார் வீட்டுக்கும் முந்தி வடிவு வீட்டுக் காசுதான் படியிறங்கிப் போனது என்றால் அதற்காக ஒருத்தரும் மூக்கின்மேல் விரலை வைக்கவில்லை, ஏனென்றால் கால் இல்லாத காலத்திலேயே அவள் கையில் காசு நின்றதில்லை. முன்பு போன வழி தெரியாமல் போனது, இப்போது கண்ணுக்கு முன்னால் நடந்து போகிறது, அவ்வளவுதானே வித்தியாசம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அவளைச் சோம்பேறி என்று சொன்னால் சொன்ன வாய் அழுகிப்போகும். இட்லிக்கடை வைத்தாள், இட்லி பூவாக இருந்தது, கடையை மூடினாள். வளையல் கடை வைத்தாள், பக்கத்து ஊர்ப் பெண்கள்கூட பஸ் ஏறி வந்தார்கள், மூடினாள். ஜெராக்ஸ் மிஷின் வாங்கிப் போட்டாள், மிஷின் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை, அதையும் மூடினாள். தெரு முழுக்கச் சொந்தபந்தம் என்பதுதான் சங்கதி. பெரியம்மா வருவாள், சித்தப்பா வருவார், மதினிமார் கூட்டமாக வருவார்கள், தின்கிறதைத் தின்று, எடுக்கிறதை எடுத்து, "கணக்குல வச்சுக்கோ தாயி, நாங்க எங்க ஓடியா போறோம்" என்று முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு போவார்கள். இவளும் மாடு மாதிரி தலையை ஆட்டுவாள். திருப்பிக் கேட்க மட்டும் அவளுக்கு நாக்கு எழும்பாது. ஒவ்வொரு தடவையும் அப்பா விட்டுப்போன அந்த ஒரே பித்தளைப் பூட்டைத்தான் கதவில் மாட்டுவாள். அதனால் ஊரில் அவளுக்குப் பூட்டு வடிவு என்று பேர்.

அப்பா விட்டுப்போனது பூட்டு மட்டும் இல்லை, அது தொங்குகிற கடையும்தான். தெருமுக்கில் ஒற்றை அறை, பின்னால் ஒரு அடுப்படி, வடிவு படுக்கிறதும் அங்கேயேதான். அண்ணன் தங்கபாண்டிக்கு அந்த அறைமேல் ஒரு கண். செல்போன் கடைக்காரன் ஒருவன் நல்ல அட்வான்ஸ் தருகிறான் என்று ஒரு நாள் வந்து நின்றான்.

"இங்க பாரு வடிவு, நான் கெட்டவன் இல்ல. மாசியில வாற கோயில் கொடைத் திருவிழா வரைக்கும் டயம் தாரேன். கொடை முடியிற வரைக்கும் இந்தக் கதவுல பூட்டு விழாம யாவாரம் பண்ணிக் காட்டு, கடை உனக்கு. பூட்டு விழுந்துச்சுன்னா சாவி எனக்கு. எங்க வீட்டுக்கு வந்து, உங்க மதினிக்கு ஒத்தாசையா சமையல்கட்டுல இருந்துக்கோ."

சமையல்கட்டில் இருப்பது என்றால் என்னவென்று வடிவுக்குத் தெரியும். அங்கே போன அத்தை ஒருத்தி கடைசிவரை அங்கிருந்து வெளியே வரவே இல்லை.

இது நடந்த மறுவாரம்தான் காசுக்குக் கால் வந்தது. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், அந்த ஊரிலும் யாரும் கேட்கவில்லை, அவரவர்க்கு அவரவர் காசைப் பிடிக்கவே பொழுது சரியாக இருந்தது. எறும்புக்கால் மாதிரி மெல்லிசாக, விளிம்பைச் சுற்றிக் கால்கள். டீக்கடைக் கல்லாவிலிருந்து இறங்கிப் பலகைமேல் வரிசை கட்டி நடந்தன, மாஸ்டர் எறும்பு என்று நினைத்து மருந்துப்பொடி தூவினார், காசுகள் தும்மிக்கொண்டே தாண்டிப் போயின. ஊறுகாய் ஜாடிக்குள் போட்டுவைத்தவர்கள் வீட்டில் தரையெல்லாம் எண்ணெய்க்கால் தடம். முந்தானையில் முடிந்துவைத்தால் முடிச்சு தானாக நெகிழ்ந்தது. நோட்டுக்குக் கால் இல்லை, ஆனால் சில்லறை முன்னே நடந்தால் நோட்டு அதன் பின்னாலேயே தரையோடு இழுபட்டுப் போனது. எங்கே போனாலும் யாரும் வாங்க மாட்டேன் என்கிற அந்தப் பத்து ரூபாய் நாணயம் இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே மெதுவாக, பெரிய மனுஷன் தோரணையில், நடுரோட்டில் நடந்தது. என் பணம் போனில்தான் இருக்கிறது, அது எங்கே போகும் என்று சித்தப்பா சங்கிலிமுத்து சிரித்தார். அன்று மத்தியானம் அவர் போன் மேஜைமேல் ஊர்ந்து விளிம்புக்குப் போய்க் கீழே விழுந்து கண்ணாடி தெறித்தது. பேங்க்காரர்களைக் கேட்டதற்கு, இதைப் பற்றித் தலைமை ஆபீசிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டு நிலைப்படியில் ஈரச் சாக்கைப் போட்டு அடைத்துக்கொண்டார்கள்.

மனுஷருக்கு எதுதான் பழகாது? பத்து நாளில் எல்லாம் பழகிப்போனது. நடக்கிற காசை மறிக்கக் கூடாது, எடுக்கக் கூடாது, அது வழிப்போக்கன் மாதிரி என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. தெருவில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கி வழி விட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர், "இறங்குற காசெல்லாம் மொதல்ல இறங்கு, ஏறுற காசு பொறு" என்று விசிலடித்தார். பிள்ளைக்குப் பீஸ் கட்டக் கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு ஒருவன் சாராயக்கடைப் பக்கம் திரும்பினால், அது சட்டைப்பையிலிருந்து குதித்து வீட்டுக்கு நடந்து வந்து பொண்டாட்டி காலடியில் உட்கார்ந்தது. அந்த ஒரு காரியத்துக்காகவே நல்லாம்பட்டிப் பெண்கள் காசின் கால்களுக்கு மஞ்சள் தொட்டு வைத்தார்கள்.

ஆனால் அதை நிறுத்திவைக்கிற வித்தையை முதலில் கண்டுபிடித்தது பெரியவர்கள் இல்லை. வடிவு கடைக்கு எதிர்வீட்டு முத்திருளி, எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், ஒரு நாள் வடிவின் படியில் உட்கார்ந்து உள்ளங்கையில் ஒரு அஞ்சு ரூபாயை வைத்து அதோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"நீ இப்ப வெல்லம் வாங்கப் போற. இலந்தைப்பழத்தை இடிச்சு, வெல்லமும் வத்தலும் போட்டு நான் இலந்தவடை தட்டுவேன். நாலு நாள் காயணும், அதுவரைக்கும் பொறுமையா இரு. வித்ததும் கூட ஒருத்தனைக் கூட்டிட்டு வரணும், சரியா?"

காசு கால்களை மடக்கிக்கொண்டு கோழிக்குஞ்சு மாதிரி உட்கார்ந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த வடிவுக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷத்தில் எந்தக் காசிடமும் நீ எதற்கு என்று அவள் சொன்னதே இல்லையே! வந்ததை வாங்கிப் போட்டாள், போனதை விட்டாள். சோலி இல்லாத வீட்டில் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்?

"ஏட்டி முத்திருளி, வடையை எங்க வச்சு விக்கப் போற?"

"பள்ளிக்கூட வாசல்ல, அத்தே. வாட்ச்மேன் விரட்டுவாரு. ஓடிட்டே விக்கணும்."

"ஓட வேண்டாம். என் கடை சும்மாத்தான் திறந்து கெடக்கு, அங்க வச்சு வித்துக்கோ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று வடிவுக்கே உறைத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். மறுநாள் முத்திருளி தன் கூட்டாளி சாகுலைக் கூட்டிவந்தாள், அவனுக்கு நன்னாரி சர்பத் போடத் தெரியும், எலுமிச்சம்பழம் வாங்கத்தான் வழியில்லை. சாகுல் பின்னால் ஜெயசீலி வந்தாள், அவள் பழைய பேப்பரில் கவர் ஒட்டுவாள், இலந்தவடையைப் போட்டுக் கொடுக்கக் கவர் வேண்டுமே. மூன்று பேரும் வடிவின் முகத்தைப் பார்த்தார்கள். ஊரில் யாரும் யாவாரத்தைப் பற்றி அவளிடம் யோசனை கேட்டதில்லை, கேட்கவும் கூடாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"நான் என்னென்ன செஞ்சேனோ அதுக்கு நேர்மாறாச் செய்ங்க. நொடிச்சுப்போறதுல நான் கெட்டிக்காரி, கேட்டுக்கோங்க" என்றாள் வடிவு. "நான் வந்த காசெல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டேன், எது முதல், எது லாபம்னு தெரியாம முதலையும் சேத்துத் தின்னேன். நீங்க ஆளுக்கு மூணு டப்பா வைங்க."

பழைய பால்மாவு டப்பாக்களைக் கழுவி வைத்தார்கள். ஒன்று முதல், பொருள் வாங்க மட்டும். ஒன்று சேமிப்பு. முத்திருளிக்கு அடுத்த வருஷம் டவுன் பள்ளிக்கூடம் போக சைக்கிள் வேண்டும், சைக்கிள் இல்லையென்றால் படிப்பை நிறுத்திவிடுவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது டப்பா எதற்கென்று ஜெயசீலி கேட்டதற்கு, "ஆசைக்கு" என்றாள் வடிவு. "ஆசைக்குன்னு தனியா வைக்கலைன்னா அது திருட்டுத்தனமா முதல் டப்பாவுக்குள்ள கைய விடும்." சாயங்காலம் காசு வந்ததும் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அதன் சோலியைச் சொல்லி டப்பாவில் போட்டார்கள், காசுகளும் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தன. உங்கள் ஆசை டப்பா எங்கே அத்தே என்று முத்திருளி கேட்டாள். வடிவு ஒரு டப்பாவைக் காட்டினாள், அது காலியாக இருந்தது. கொடைக்கு வருகிற ராட்டினத்தில் ஒரு தடவை ஏற வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஆசை, ஒவ்வொரு கொடைக்கும் யாராவது சொந்தக்காரர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கீழேதான் நின்றாள்.

யாவாரம் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்றால் அப்படி இப்படி இல்லை, இலந்தவடையின் புளிப்புக்கும் உறைப்புக்கும் பள்ளிக்கூடம் மொத்தமும் படியில் நின்றது, வெயில் ஏற ஏறச் சர்பத்துக்குக் கூட்டம், கவருக்கு மளிகைக்கடைக்காரரே வந்து ஆர்டர் கொடுத்தார். தங்கள் காசைத் தேடி அலைந்த பெரியவர்கள் பிள்ளைகளிடம் வந்து, காசோடு எப்படிப் பேசுவது என்று கேட்டார்கள். "பேசக் கத்துக் குடுக்க ஒரு இலந்தவடை வாங்கணும்" என்றான் சாகுல், அவன் பிழைக்கத் தெரிந்தவன். வாங்கித் தின்றுவிட்டுப் போய், "சும்மா பெட்டியில இரு" என்று காசிடம் சொன்னார்கள். சும்மா இருக்கச் சொன்னால் காசு இருக்குமா? பித்தளைக் குடத்துக்குள் போட்டுத் துணி கட்டித்தான் வைத்திருந்தார்கள், உள்ளே இரவும் பகலும் காலால் பிறாண்டிக்கொண்டே கிடந்தது. கொடை நெருங்கியது, பூட்டு உள்ளே ஆணியில் தொங்கியது. தங்கபாண்டி போகும்போதும் வரும்போதும் கதவைப் பார்த்துக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை கொடை. திங்கட்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள், கடையில் வடிவு தனியாக இருந்தாள். எதிர்ச்சாரி வீட்டுச் சொர்ணத்தாய் பெரியம்மா வந்தாள்.

"யாத்தாடி, என் வீட்டுல கொடைக்கு விருந்தாளு குமிஞ்சு கெடக்கு வடிவு. அந்த வடைத் தட்டை இப்பிடிக் குடு, சர்பத்தும் நாலு பாட்டில் குடு. கணக்குல வச்சுக்கோ தாயி, நான் எங்க ஓடியா போறேன்?"

கொடுக்காதே, அது உன் பொருள் இல்லை என்று மனசு சொன்னது, கை கொடுத்துவிட்டது. பெரியம்மா வீட்டில் பார்த்துவிட்டுச் சித்தப்பா வந்தார். அவர் வீட்டில் பார்த்துவிட்டு மதினிமார் வந்தார்கள். கடைசியாக வெளியூர்ச் சொந்தம் ஒன்று படியேறி உட்கார்ந்து, "என்ன வடிவு, ஒரு காப்பிகூடக் கிடையாதா?" என்றது. பால் இல்லை, சேவு இல்லை, வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? வடிவு பிள்ளைகளின் முதல்பணம் இருந்த டப்பாவைத் திறந்தாள். காலையில் முதல் பஸ்ஸில் சந்தைக்குப் போய்க் கொடைக்கு இலந்தைப்பழமும் சீனியும் எலுமிச்சையும் வாங்கி வரப்போகிறீர்கள் என்று பிள்ளைகள் சோலி சொல்லி வைத்திருந்த காசுகள் அவளை நிமிர்ந்து பார்த்தன. "போயி காப்பிக்கு..." என்று அவள் வாயெடுத்ததும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, டப்பாவின் விளிம்பைத் தாண்டி, படியிறங்கிப் போய்விட்டன. வடிவு பின்னாலேயே ஓடினாள். நடுத்தெருவில் கொடைக்கு நட்டிருந்த கொடிக்கம்பத்தடியில் போய்ச் சேர்ந்து அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டன. எடுக்கக் குனிந்தாள், நகர்ந்தன. கெஞ்சினாள், அசையவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் காலித் தட்டையும் காலி டப்பாவையும் பார்த்தார்கள். ஜெயசீலி அழுதாள். சாகுல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வடிவு ஆணியிலிருந்து பூட்டை எடுத்தாள்.

"என் கை ராசி அப்பிடி. உங்களையும் சேத்து மூழ்கடிச்சுட்டேன். நான் அண்ணன் வீட்டுக்கே போறேன்."

"போயி கேளுங்க அத்தே" என்றாள் முத்திருளி.

"சொந்தக்காரங்க கிட்டக் காசு கேக்கிறதாட்டி? மொகத்துல முழிக்க வேண்டாமா?"

"நான் முள்ளுல கைய விட்டுப் பொறுக்குனேன் பழத்தை" என்று இரண்டு கையையும் நீட்டினாள் அவள், முழங்கைவரை கீறல். "சொந்தக்காரங்க வந்து பொறுக்கித் தந்தாங்களா? அவுங்க மொகத்துல முழிக்க வெக்கப்படுதீங்க. எம் மொகத்துல எப்பிடி முழிப்பீங்க?"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நல்லாம்பட்டியில் விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து காசு வெளியே போகக் கூடாது, லட்சுமி கூடவே போய்விடுவாள். செவ்வாய்க்கிழமையோ நாள் முழுக்கக் கொடுக்க மாட்டார்கள். இன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் கேட்டால் உண்டு, இல்லையென்றால் கொடை போச்சு, கடை போச்சு, பிள்ளையின் சைக்கிளும் போச்சு. பூட்டைக் கையில் பிடித்தபடியே பெரியம்மா வீட்டுக்கு நடந்தாள்.

பெரியம்மா இவள் வருகிற தோரணையை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவள் லேசுப்பட்டவள் இல்லை. வடிவு வாசலை மிதிப்பதற்குள் தீப்பெட்டியை உரசி விளக்கை ஏற்றிவிட்டாள்.

"அடடா, இப்பத்தான் விளக்கு வச்சேன் தாயி! என்ன வேணும்?"

வெயில் இன்னும் சுவரில் இருந்தது. அடுத்த வீட்டுக்குப் போனாள், அங்கேயும் விளக்கு. சித்தப்பா வீட்டுக்குத் திரும்பினாள், அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். செய்தி அவளுக்கு முன்னால் ஓடியது, பட்டப்பகல் வெளிச்சத்தில் அந்தத் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு, வாசலுக்கு வாசல், மாடத்துக்கு மாடம் விளக்கு ஏறிக்கொண்டே போனது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கார்த்திகைக்குக்கூட அந்தத் தெரு அப்படி ஜொலித்ததில்லை. அத்தனையும் அவளுக்குக் கொடுக்காமல் இருக்க ஏற்றிய விளக்கு. நடுத்தெருவில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள் வடிவு. அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னால், இட்லிக்கடை காலத்திலிருந்து அடைத்துக்கிடந்த கோபம் வந்தது. நாக்கு எழும்பியது.

"சரி! விளக்கு வச்சாச்சு, மனுஷர் குடுக்க வேண்டாம். நான் மனுஷர்கிட்டக் கேக்கல. ஏ, சொர்ணத்தாய் பெரியம்மா வீட்டுப் பித்தளைக் குடத்துக்குள்ள துணி கட்டிக் கெடக்கிற காசு! உன்னைத்தான் சொல்லுதேன். உன்னை ஒருத்தரும் ஒரு சோலிக்கும் கூப்பிடல, நான் கூப்பிடுதேன். முத்திருளி கையக் கிழிச்சுப் பொறுக்குன பழத்துக்கு உண்டான காசு நீ. நாளைக்குச் சந்தைக்குப் போகணும், பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கணும், வா! சங்கிலிமுத்துச் சித்தப்பா போனுக்குள்ள கெடக்கிறதும் வா! நான் அவிச்ச இட்லியத் தின்ன காசெல்லாம் வா, என் வளையலைப் போட்டுக்கிட்டுக் கலியாணத்துக்குப் போன காசெல்லாம் வா! எனக்கு வெக்கம் விட்டுப்போச்சு. என் உழைப்பு, நான் கேக்கிறேன், வா!"

முதலில் பெரியம்மா வீட்டுக்குள் டங் என்று குடம் அதிர்ந்து வாய்த்துணி அறுந்தது. படியில் ஒரு காசு வந்து நின்று, விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்து, இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் வீட்டுக்கு வீடு, அரிசிப்பானைக்கு அடியிலிருந்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து, தலையணை உறையிலிருந்து, வந்துகொண்டே இருந்தன, அவளுக்குக் கொடுக்காமலிருக்க ஏற்றிவைத்த விளக்கெல்லாம் அவற்றுக்கு வழி காட்டின. கொடிக்கம்பத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த காசுகள் எழுந்து திரும்பி வடிவின் கால்விரலைத் தொட்டுவிட்டு முன்னால் நடந்தன, மற்றவை பின்தொடர்ந்தன, நோட்டெல்லாம் வால் பிடித்து வந்தன, பத்து ரூபாய் நாணயங்கள் கடைசியில் யானை மாதிரி அசைந்து வந்தன. ஜெராக்ஸ் கடையில் மிஞ்சிய, பணம் வந்தால் பேசுகிற பெட்டி ஒன்று பரணில் செத்துக்கிடந்தது, அது திடீரென்று உயிர்வந்து, ரூபாய் பெறப்பட்டது, ரூபாய் பெறப்பட்டது என்று தெருவுக்கே கேட்கக் கத்தியது. சித்தப்பா தன் போனைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. சாமி வருகிற தெருவில் அப்படித்தான் நிற்பார்கள். சொர்ணத்தாய் பெரியம்மாவுக்குக் காசு போகிற வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் இருந்தாலும், அத்தனை அழகை அவள் ஆயுசில் பார்த்ததில்லை, வாய் சும்மா இருக்கவில்லை, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். தெருப் பெண்கள் மொத்தமும் சேர்ந்து குலவை போட்டார்கள். சாவியை வாங்க செல்போன் கடைக்காரனைக் கையோடு கூட்டிவந்த தங்கபாண்டி படிப்பக்கம் நின்றான். அவன் சட்டைப்பையிலிருந்து நாலைந்து காசு குதித்து வரிசையில் சேர்ந்தன.

"ஏய், அது என் காசாக்கும்!"

"காலையில காலையில தின்னியே அண்ணே, கெட்டிச் சட்னி கேட்டுக் கேட்டு. மறந்துட்டியா?" என்றாள் வடிவு. அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. செல்போன் கடைக்காரன் ஒரு சர்பத் கேட்டான். சாகுல் முதலில் காசை வாங்கினான்.

படியில் உட்கார்ந்து பிள்ளைகள் ஒவ்வொரு காசுக்கும் சோலி சொன்னார்கள். பழம் வாங்குகிற காசு, சைக்கிள் காசு, ஜெயசீலிக்குப் பசை வாங்குகிற காசு. கடைசியில், நிறம் மங்கி, இட்லிமாவு வாசனை போகாத பழைய காசுகள் கொஞ்சம் மிஞ்சின.

"இது உங்களுதுதான் அத்தே. இதுக்கு என்ன சோலி?" என்று கேட்டாள் முத்திருளி.

வடிவு தன் காலி ஆசை டப்பாவை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் கொடையில், வடை காய நேரமில்லாததால் இடித்தபடியே விற்ற இலந்தைக்கும் சர்பத்துக்கும் தள்ளுமுள்ளு. சொர்ணத்தாய் பெரியம்மா வந்தாள், "கணக்குல..." என்று ஆரம்பித்தாள், முத்திருளி நிமிர்ந்து பார்த்தாள். "செவ்வாக்கிழமைன்னாலும் சாமி காரியத்துல தப்பில்ல" என்று பெரியம்மா தானாகவே இடுப்பிலிருந்து காசை எடுத்து வைத்தாள். காற்று பலமாக அடித்தது, கவரெல்லாம் பறக்கப் பார்த்தன. முத்திருளி அந்தப் பித்தளைப் பூட்டை எடுத்துக் கவர்க்கட்டின்மேல் பாரமாக வைத்தாள்.

அந்நேரம் வடிவு கோயில் திடலில் ராட்டினத்துக்காரன் கையில் காசைக் கொடுத்துவிட்டு, மடியில் யார் பிள்ளையும் இல்லாமல், தன்னந்தனியாகத் தொட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். ராட்டினம் கிறீச்சென்று கிளம்பியது. மேலே போகப் போக வயிற்றில் பயம், பயத்தோடு சிரிப்பு, கம்பியைப் பிடித்துக்கொண்டு "யாத்தே, யாத்தே" என்று கத்தினாள். உச்சிக்குப் போய் நின்றபோது ஊர் மொத்தமும் தெரிந்தது. தெருமுக்கில் அவள் கடை தெரிந்தது. கதவு திறந்திருந்தது.